சென்னை காசநோய் ஆய்வும் உலக நாடுகளின் ஒத்துழைப்பும்

சென்னை காசநோய் ஆய்வு என்பது, காசநோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்காமல் அவரவர் வீட்டிலேயே இருக்கவைத்து மருந்தால் குணப்படுத்த முடியுமா என்பதை அறிய 1956 முதல் சென்னையில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து இதை நடத்தின. ஆய்வின் முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. வீட்டிலேயே குணப்படுத்த முடியும் என்பதே அது தந்த விடை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை அந்த விடை மாற்றியது. இந்நோயை ஒழிக்க நாடுகள் கூடிச் செய்த முயற்சிகளில் எவை பலித்தன, எவை தடுமாறின என்பதை அறியவும் இந்த ஆய்வின் வரலாறு உதவுகிறது.

சானடோரியங்களின் காலம்

காசநோய் தமிழில் எலும்புருக்கி நோய், சயரோகம் என்றும் அழைக்கப்பட்டது. இது கிருமியால் வரும் நோய் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. இவற்றை அளிப்பதற்கென்று ஊருக்கு வெளியே கட்டப்பட்ட மருத்துவமனைகளே சானடோரியங்கள். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய இம்முறை பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் ஒரு சானடோரியத்தை நிறுவினார். அங்குள்ள புறநகர் ரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

இம்முறையின் பெரிய குறை இடப்பற்றாக்குறை. 1950-களில் இந்தியாவில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ சில பத்தாயிரம் மட்டுமே. எத்தனை சானடோரியங்கள் கட்டினாலும் பெரும்பாலோர் வெளியேதான் நிற்க நேரிடும் என்பது தெளிவாகத் தெரிந்தது. இடம் கிடைத்தவர்களுக்கும் வேறு துன்பம் இருந்தது. குடும்பத்தில் சம்பாதிப்பவரோ, பிள்ளைகளை வளர்க்கும் தாயோ ஓராண்டு வீட்டைவிட்டுப் பிரிந்திருந்தால் அந்தக் குடும்பமே நிலைகுலைந்துவிடும்.

தொடக்ககால ஒத்துழைப்பு

காசநோய்க்கு எதிராக நாடுகள் சேர்ந்து செயல்படும் முயற்சி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவானது. 1902-இல் பெர்லினில் கூடிய மாநாட்டில் இரட்டைக் குறுக்குக்கோடு கொண்ட சிலுவை இப்போராட்டத்தின் சின்னமாக ஏற்கப்பட்டது. 1920-இல் பாரிசில் கூடிய 31 நாடுகளின் பிரதிநிதிகள் காசநோய் எதிர்ப்புப் பன்னாட்டு ஒன்றியத்தை நிறுவினர். இவை பெரும்பாலும் அறிஞர்கள் கூடிக் கருத்துகளைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்புகளாகவே இருந்தன.

களத்தில் இறங்கிய முதல் பெரிய கூட்டு முயற்சி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தடுப்பூசி இயக்கம் ஆகும். டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளின் தொண்டு அமைப்புகளும் யுனிசெப் நிறுவனமும் 1948 முதல் 1951 வரை இதை நடத்தின. ஏறத்தாழ 3 கோடிப் பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேருக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போடப்பட்டது. இந்தியாவுக்கான தடுப்பூசி சென்னை கிண்டியில் தயாரிக்கப்பட்டது.

தடுப்பூசிக்கு எதிர்ப்பும் எழுந்தது. சென்னை மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் ராஜாஜி 1955-இல் பி.சி.ஜி.யை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். வெளியிலிருந்து வரும் ஒரு திட்டத்தை மக்கள்மீது பெருமளவில் செயல்படுத்தும்போது, அதன் பயனுக்கான சான்று எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்விக்கு ஒரு பகுதி விடை பின்னாளில் சென்னைக்கு அருகிலேயே கிடைத்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பெரும் ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதை அது காட்டியது. ஆயினும் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து இத்தடுப்பூசி பாதுகாப்பு அளிப்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.

மருந்துகளின் வருகை

1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியை வெல்லக்கூடிய முதல் மருந்து இதுவே. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இதைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், முன்கூட்டியே தயாரித்து மூடிய உறைகளில் வைத்த பட்டியலின்படி அந்த ஆய்வில் தீர்மானித்தனர். சமவாய்ப்பு முறை எனப்படும் இது, இன்றுவரை மருந்து ஆய்வுகளின் அடிப்படையாக விளங்குகிறது.

ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஆனால் இந்த வெற்றி நிலைக்கவில்லை. கிருமிகள் மருந்துக்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெற்றதால் பலருக்கு நோய் திரும்பியது. ஐந்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் குறைந்திருந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைத்தது. சுவீடனில் உருவான பாஸ் மருந்தும், 1952-இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியசிட் மருந்தும் அதற்கு வழிசெய்தன. ஐசோனியசிட் விலை மலிவானது, மாத்திரையாகவே உட்கொள்ளலாம்.

நான்கு தரப்புகளும் ஒரு கேள்வியும்

மாத்திரையால் குணமாகும் என்றால் சானடோரியம் எதற்கு என்ற கேள்வி இப்போது எழுந்தது. பணக்கார நாடுகளில் நோயாளிகளுக்குப் படுக்கை கிடைத்ததால் அங்கே இக்கேள்வி அவசரமானதாக இல்லை. இந்தியாவுக்கோ இதுவே முதன்மையான கேள்வி. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத, ஓர் அறையில் பலர் வசிக்கும் ஏழை வீடுகளில் மருந்து மட்டும் போதுமா? நோயாளி வீட்டிலேயே இருந்தால் மனைவி மக்களுக்கு நோய் பரவாதா? இவற்றுக்கு ஐரோப்பாவில் விடை தேட முடியாது.

இதற்காகவே 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இடத்தையும் பணியாளர்களையும் அளித்தன. பிரித்தானிய மன்றம் ஆய்வை வடிவமைக்கும் அனுபவத்தைத் தந்தது. உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு வல்லுநர்களை அனுப்பியது. பிரித்தானிய மருத்துவரான வாலஸ் ஃபாக்ஸ் மையத்தின் முதல் தலைவராக 1961 வரை பணியாற்றினார். பல இந்திய மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் செவிலியர்களும் அவருடன் உழைத்தனர். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களது பெயர்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றன.

ஆய்வு நடந்த விதம்

சென்னை நகரின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த, சளியில் கிருமி காணப்பட்ட 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சமவாய்ப்பு முறையில் அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் வீட்டில் இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே இரு மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் முழு ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் பலர் வேலைக்குச் சென்றனர். அவர்களது உணவு அளவிலும் சத்திலும் குறைவாகவே இருந்தது. அவர்கள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர். மருந்தை உண்மையிலேயே உட்கொள்கிறார்களா என்று அறியச் சிறுநீர் சோதிக்கப்பட்டது. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மருந்தை எண்ணிப் பார்த்தனர். குடும்பத்தினர் அனைவரும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர்.

முடிவுகள்

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வாழ்க்கை நிலையில் அவ்வளவு வேறுபாடு இருந்தும் முடிவுகளில் பெரிய இடைவெளி இல்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இரண்டாவது முடிவு இதைவிட முக்கியமானது. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்கு, சானடோரியம் சென்றோரின் குடும்பத்தினரைவிட அதிகமாக நோய் வரவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்று பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் நோயாளி விரைவில் பிறருக்குப் பரப்பும் தன்மையை இழக்கிறார். எனவே நோயாளியை வீட்டிலிருந்து அகற்றுவதைவிட, நோயை விரைவில் கண்டறிந்து மருந்தைத் தொடங்குவதே குடும்பத்தைக் காக்கும் வழி என்பது புலப்பட்டது. காசநோயாளியை ஒதுக்கிவைக்கும் நூற்றாண்டுக்கால வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லாமல் போனது.

இதன்பின் பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏழை நாடுகளின் நலனுக்காக எழுப்பப்பட்ட கேள்வியின் பயன் செல்வந்த நாடுகளுக்கும் சென்றது.

நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை

ஆய்வு ஒரு சிக்கலையும் வெளிப்படுத்தியது. சில வாரங்களில் இருமலும் காய்ச்சலும் நின்றுவிடுவதால் பலர் மருந்தை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பலாம். கிருமி மருந்துக்கு எதிர்ப்பாற்றலும் பெறலாம். இதற்குச் சென்னை மையம் ஒரு மாற்றுவழியைச் சோதித்தது. நாள்தோறும் வீட்டில் மருந்து உண்பதற்குப் பதில், வாரம் இருமுறை நோயாளி மையத்துக்கு வந்து ஊழியர் முன்னிலையில் மருந்து பெறுவது அந்த வழி. 1964-இல் வெளியான முடிவு இதுவும் நல்ல பலன் தருவதைக் காட்டியது. பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று இதுவே.

முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய மையம் 1964-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிரந்தர நிறுவனமானது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

சென்னையின் முடிவுகளை நாடு முழுவதற்கும் கொண்டுசெல்லும் பணிக்காக, உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் அப்போது பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் ஆல்ஃப்டான் மாலர், 1973-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். பெங்களூர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டிக் ஆண்டர்சன், டி. பானர்ஜி ஆகியோர் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963-இல் வெளியானது. காசநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இருமலுக்காக ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றிருந்தனர். ஆனால் சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பப்பட்டிருந்தனர். அறியாமையால் மக்கள் சிகிச்சைக்கு வருவதில்லை என்ற எண்ணம் தவறு என்பதை இது காட்டியது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், பொது மருத்துவ நிலையங்கள் வழியாகவே நோயைக் கண்டறிந்து சிகிச்சை தர முனைந்தது. எனினும் போதிய மருந்தும் பணமும் இல்லாததால் அத்திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

மறதியும் மீட்சியும்

1970-களில் இன்னொரு முன்னேற்றம் ஏற்பட்டது. பிரித்தானிய மன்றமும் கென்யா, உகாண்டா, தான்சானியா, சாம்பியா ஆகிய கிழக்கு ஆப்பிரிக்க வட்டார நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வுகள், ரிஃபாம்பிசின் அடங்கிய மருந்துக் கூட்டால் ஒன்றரை ஆண்டுச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்கலாம் என்று காட்டின. பன்னாட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த செக் நாட்டு மருத்துவர் கரேல் ஸ்டிப்லோ, 1970-களின் இறுதியிலிருந்து தான்சானியாவில் இந்தச் சிகிச்சையை நாடு தழுவிய திட்டமாக்கினார். சளிப் பரிசோதனை, தடையற்ற மருந்து வழங்கல், ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு ஆகியவை அதன் தூண்கள்.

கருவிகள் கைக்கு வந்த அதே காலத்தில் உலகின் கவனம் விலகிப்போனது. பணக்கார நாடுகளில் நோய் அரிதாகிவிட்டதால் நிதி குறைந்தது. 1980-களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்ப் பிரிவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அலுவலர்களே எஞ்சியிருந்தனர். அதற்குள் எய்ட்ஸ் பரவத் தொடங்கியிருந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களைக் காசநோய் எளிதில் பற்றியதால் ஆப்பிரிக்காவில் நோய் பெருகியது. நியூயார்க் நகரிலேயே 1992-இல் 3,811 பேர் நோயுற்றனர். அங்கே நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையைப் பரவலாகக் கையாண்டு நோயைக் கட்டுப்படுத்தினர். அப்பணிக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஃப்ரீடன், 1996 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் இந்தியாவில் பணியாற்றினார். சென்னையில் முளைத்த முறை நியூயார்க் வழியாக மீண்டும் இந்தியாவுக்கு வந்தது என்றே சொல்லலாம்.

1993-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசரநிலையாக அறிவித்தது. அதன்பின் டாட்ஸ் என்ற பெயரில் இம்முறை பரப்பப்பட்டது. திருத்தப்பட்ட தேசியத் திட்டத்தை இந்தியா 1997-இல் தொடங்கியது. 2001-இல் ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்கித் தரும் பன்னாட்டு அமைப்பும், 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலக நிதியமும் உருவாயின.

மருந்து எதிர்ப்பும் விலையும்

டாட்ஸ் முறை சாதாரண காசநோய்க்கு ஏற்றது. பல மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற காசநோய்க்குத் தேவையான மருந்துகள் மிகுந்த விலையில் விற்றன. ஏழை நாடுகளில் அச்சிகிச்சை சாத்தியமில்லை என்றே பலர் கருதினர். பெரு நாட்டின் லிமா நகரச் சேரிகளில் பால் ஃபார்மர், ஜிம் யோங் கிம் ஆகியோரின் குழு 1996 முதல் இந்நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து அக்கருத்தை மாற்றியது. கூட்டாகக் கொள்முதல் செய்ததால் மருந்துகளின் விலையும் இறங்கியது.

2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாக்குலின் மருந்திலும் இதே விலைச் சிக்கல் எழுந்தது. அதன் காப்புரிமையை நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை எதிர்த்து, நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனு அளித்தனர். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் உரியதல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இலக்குகளும் இன்றைய நிலையும்

2014-இல் உலக சுகாதாரப் பேரவை புதிய இலக்குகளை ஏற்றது. 2015-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, 2035-க்குள் காசநோய் இறப்புகளை 95 விழுக்காடும், புதிதாக நோயுறும் வீதத்தை 90 விழுக்காடும் குறைப்பதே அந்த இலக்கு. 2018-இல் ஐக்கிய நாடுகள் அவையில் உலகத் தலைவர்கள் கூடி, 2022-க்குள் ஆண்டுக்கு 1,300 கோடி டாலர் திரட்டுவதாக உறுதியளித்தனர். 2022-இல் கிடைத்ததோ சுமார் 580 கோடி டாலர், பாதிகூட இல்லை. 2025-இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு நிறுத்தியது, பல நாடுகளின் திட்டங்களுக்கு மேலும் இடையூறாக அமைந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவைச் சேர்ந்தவர். 2015 முதல் 2023 வரை உலக அளவில் நோயுறும் வீதம் 8.3 விழுக்காடும், இந்தியாவில் 17.7 விழுக்காடும் குறைந்தன. இது முன்னேற்றமே, ஆனால் இலக்கை எட்டும் வேகம் இல்லை.

உணவு பற்றிய கேள்வி

மருந்து முறையாகக் கிடைத்தால், குறைந்த உணவு உண்பவரும் குணமடைவார் என்று சென்னை ஆய்வு காட்டியது. உணவு பொருட்டல்ல என்று சிலர் இதைப் பிழையாகப் புரிந்துகொண்டனர். ஆய்வு கேட்டது நோயுற்றவர் குணமாவாரா என்பதைத்தான். நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்பதை அன்று.

அந்த இரண்டாவது கேள்விக்கான விடை 2023-இல் வெளியானது. அனுராக் பார்கவா தலைமையில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு அது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் வசித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினர் அதில் இடம்பெற்றனர். மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள்கள் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. மிகவும் மெலிந்த, மூச்சுத்திணறும், துணையின்றி நிற்க இயலாத நோயாளிகளை உடனே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. பெரும்பாலோருக்கு வீட்டுச் சிகிச்சை போதும். ஆனால் யாருக்கு அது போதாது என்பதை முதல் நாளிலேயே அறிவது அவசியம் என்பது இதன் அடிப்படை.

மதிப்பீடு

காசநோய்க்கு எதிரான பன்னாட்டு ஒத்துழைப்பின் வரலாற்றில் அறிவு பெரும்பாலும் தவறியதில்லை. சென்னை, கிழக்கு ஆப்பிரிக்கா, தான்சானியா, லிமா என்று நோய் மிகுந்த இடங்களிலேயே ஆய்வு நடந்தபோது, அங்குள்ளோருக்குப் பயன்படும் விடைகள் கிடைத்தன. அவை உலகுக்கும் பயன்பட்டன. தவறியது தொடர்ச்சி. 1959-இல் வீட்டுச் சிகிச்சை போதும் என்று நிறுவப்பட்டதற்கும் 1993-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டதற்கும் இடையில் 34 ஆண்டுகள் கடந்தன. குணமாக்கும் வழி தெரிந்திருந்தும், மருந்தும் பணமும் கவனமும் சேராததால் அந்த ஆண்டுகளில் எண்ணற்றோர் இறந்தனர். காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது என்பது சிகிச்சையின் முதல் விதி. நிதியளிக்கும் நாடுகளுக்கும் அரசுகளுக்கும் அந்த விதி பொருந்தும்.